ஆணியில் தொங்கிய செப்புக்காசு

சுரங்கத்தில் வேலை செய்த அப்பா, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கும்முன் தன் பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டுவார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் எடுத்துக்கொள்வார். பலகையில் டோக்கன் இருந்தால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். சுரங்கம் மூடிய பிறகும் ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் போகவில்லை. வெளியே போகிறவர் கதவோரத்து ஆணியில் தன் டோக்கனை மாட்ட வேண்டும், வந்ததும் எடுக்க வேண்டும்.

தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய் டிசைன் படிக்கும் என் மகள் மாட்டுவது ஒரு செப்புக்காசு. அமெரிக்காவின் முதல் சென்ட் காசைப் பார்த்துக் கல்லூரிக்காக அவளே செய்தது. ஒரு பக்கம் தலைமுடி பறக்கும் சுதந்திர தேவி; மறுபக்கம் பதினைந்து வளையம் கோத்த சங்கிலி. மாநிலங்களின் ஒற்றுமைக்காகத்தான் சங்கிலி போட்டார்களாம். ஜனங்களுக்கு அது அடிமை விலங்காகத் தெரிந்தது. அந்தப் பெண்ணும் எதையோ கண்டு மிரண்டவள் போலிருக்கிறாள் என்றார்கள். அதே வருஷம் சங்கிலியை எடுத்துவிட்டு இலை வளையம் வைத்தார்கள்.

போன வாரம் வேலை முடிந்து கடையில் நின்றபோது, பங்காருபேட்டையில் பெங்களூர் ரயிலிலிருந்து யாரோ விழுந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு ஓடினேன். காசு ஆணியில் தொங்கியது. மகளின் போன் அணைந்திருந்தது. வாசலிலிருந்தே ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தேன்.

"விழுந்தது ஒரு ஆம்பளைங்க. கால்ல அடி, அவ்ளோதான்" என்றார் ஸ்டேஷனில் டீ விற்பவர். அப்படியும் மனம் கேட்கவில்லை. அடுத்து வந்த ரயிலில் பெட்டி பெட்டியாகத் தேடினேன். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள்.

"இன்னாக்கா, கதவைத் திறந்து போட்டுட்டு எங்க போயிட்ட? உன் பொண்ணு எழுந்து வந்து உன்னைத் தேடுது."

தலைவலி என்று மதியமே வந்து உள்ளறையில் தூங்கியிருக்கிறாள். காசை எடுக்க மறந்துவிட்டாள். நான் அந்த அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆணியைப் பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

கொண்டை அவிழ்ந்து வந்து நின்ற என்னைப் பார்த்து, "இன்னாம்மா, அச்சு அசல் அந்தக் காசுல இருக்கிறவ மாதிரியே இருக்க" என்றாள் மகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஆணியில் மாட்ட இலை வளையக் காசு ஒன்று செய்திருக்கிறாள். "ஜனங்க பயந்தா மாத்தித்தானே ஆகணும்" என்கிறாள். மாலையில் அவள் அதை ஆணியிலிருந்து எடுக்கும் சத்தம் சமையலறைக்குக் கேட்கும். ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அப்புறமும் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.