பொற்கொடியின் கொட்டாவி

உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்துக்குள் ஏறும்போதே பொற்கொடி வாயைப் பிளந்துகொள்வார். பார்க்கிற குழந்தையும் பிளக்கும் என்பது அவர் நம்பிக்கை. “ஆ காட்டு கண்ணு, ஆஆ...” என்றதும் குழந்தைக்கு முந்திக்கொண்டு பக்கத்து இருக்கைப் பெரியவர்கள் திறந்துவிடுவார்கள். “உங்களுக்கில்லீங்க. அஞ்சு வயசுக்குள்ளதானுங்க,” என்று மரியாதையாக மூடவைப்பார்.

மற்ற நாட்களில் அங்கன்வாடி. போலியோ சொட்டு மருந்து ஞாயிறுகளில் பேருந்து நிலையம். தோளில் தொங்கும் மருந்துப் பெட்டியோடும் பேச்சு உண்டு: “வெயில்ல சூடாயிராத அம்மணி.” குழந்தைகள் உரிமை பற்றிக் கேட்டால் உதட்டைச் சுழிப்பார். “மேடையில பேசறவங்க வாயத் தொறந்துட்டேதானுங்க இருக்காங்க. தொறக்க வேண்டிய வாயி இதுங்களோடதாச்சுங்களே!”

அன்று சன்னலோரம் கிருபாசங்கர், வயது மூன்று, உதடுகளை உள்ளிழுத்து, வாயே படைக்கப்படாதவன்போல் உட்கார்ந்திருந்தான்.

“போன தடவையும் இப்படித்தானுங்க. அழுதான்னு உட்டுப்போட்டோம்,” என்றாள் அவன் அம்மா.

பொற்கொடி மருந்துப் பெட்டியைத் திறந்தார். “ரெண்டு தடவை தப்ப உடமாட்டனுங்க.”

பலூன் காட்டினார். பூனையாகக் கத்தினார். நடத்துநரின் விசிலைப் பிடுங்கிக் கொடுத்தார். பையன் அதை மூக்கால் ஊதினான்.

“ஏனுங்கக்கா, டைமாச்சுங்க, எறங்குங்க,” என்றார் நடத்துநர், விசிலைச் சட்டையில் துடைத்தபடி. வண்டி உறுமியது.

பொற்கொடி பையனுக்கு எதிரே நின்று ஒரு கொட்டாவி விட்டார். அவசரமில்லாத, ராகம் இழுத்த, கண்ணில் நீர் வரவைக்கும் கொட்டாவி. முதலில் அம்மாவுக்குத் தொற்றியது. பிறகு பூக்கூடைக்காரிக்கு. அங்கிருந்து வரிசை வரிசையாகக் கடைசி இருக்கைவரை போயிற்று. விசிலை வாயருகே கொண்டுபோன நடத்துநருக்கு ஊத முடியவில்லை.

“அக்கோவ், நான் வண்டி ஓட்டோணுமுங்க!” கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநரின் வாய், சொல்லி முடிக்குமுன்பே அகன்றது.

கிருபாசங்கர் ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். மூக்கு விடைத்தது. தாடை நடுங்கியது. உதடு தோற்றது.

இரண்டு சொட்டு.

“ஏமாத்திப்போட்டாங்க!” என்று அவன் அலறும்போதே இடது சுண்டுவிரலில் அடையாள மை ஏறிவிட்டது. பேருந்து முழுக்கக் கைதட்டியது.

இறங்கப் போனவரை முன்வாசலில் ஒரு கை மறித்தது. கொட்டாவியில் கலங்கிய கண்களோடு, “நானுந்தான் வாயத் தொறந்தனுங்க,” என்று ஓட்டுநர் தன் இடது சுண்டுவிரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

பொற்கொடி சிரிக்கவில்லை. பேனா மூடியைப் பல்லால் கழற்றி, நகத்திலும் தோலிலும் படும்படி நிதானமாக ஒரு கோடு போட்டு, காய ஊதிவிட்டார்.