மிளகுக்கு மட்டும் டொக்டர்

மாத்தளைப் பக்கம் ஸ்பைஸ் கார்டனில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே டொக்டர் ஆகிவிடலாம். பல்கலைக்கழகத்தில்தான் அதற்கு வருடக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும். உதவித்தொகையை நம்பிப் படித்து, அது பாதியில் நின்றதும் முழித்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

வெள்ளைக் கோட்டு

குறைந்த தண்ணீரில் மிளகுக் கன்று எவ்வளவு காலம் தாங்கும் என்பதுதான் என் பிஎச்.டி., அதாவது கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி. முதல் கட்ட நிதி முடிந்துவிட்டது. அடுத்தது வர நான்கு மாதம் ஆகலாம் என்றார் பேராசிரியர். அதுவரை எதைச் சாப்பிடுவாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கன்றுகள் நாவுலயில், ஹமீது நானாவின் தோட்டத்து மூலையில் இருந்தன. ஞாயிறுதோறும் நானே போய் அளந்து தண்ணீர் விடுவேன். வேறு யாராவது ஒரு சொட்டு விட்டாலும் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று நானாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மற்ற ஆறு நாளும் சுற்றுலாப் பயணிகளுக்குச் செடிகளைக் காட்டி, எண்ணெய்ப் போத்தல் விற்க ஒப்புக்கொண்டேன். முதலாளி ஒரு வெள்ளைக் கோட்டை நீட்டினார். நான் இன்னும் டொக்டர் ஆகவில்லையே என்றேன்.

"கோட்டுக்கு அதெல்லாம் தெரியுமா? போடுங்க டொக்டர், பஸ் வந்துருச்சி."

மல்லி

கூட வேலை செய்த சுனில் அண்ணன் என்னை "மல்லி" என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் அது தம்பி என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் முதல் நாள் அவர் பாத்திக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டதும், பதற்றத்தில் ஒரு பிடி கொத்தமல்லியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்; அந்த வேலையில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா, இந்த எண்ணெய் முழங்கால் வலியைச் சுகப்படுத்துமா என்று கேட்டார். அதற்கு ஆய்வு ஆதாரம் போதாது என்று சொல்லித் தொலைத்தேன். போத்தலை வைத்துவிட்டுப் போனார், பின்னாலேயே அவர் குடும்பமும் போனது. சுனில் அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மல்லி, உண்மைய கெம்பஸ்ல வச்சிட்டு வாங்க. இங்க அதுக்கு சம்பளம் இல்ல."

லயத்தில் பரவிய செய்தி

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். ஒருநாள் அவரோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது முதலாளி "டொக்டர்!" என்று கத்தியது அவருக்குக் கேட்டுவிட்டது. மகன் படித்து முடித்துவிட்டான் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த வாரம் வீட்டுக்குப் போனால், பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா வீங்கிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் மிளகுக்குத்தான் அக்கா டொக்டர் என்றேன், அதுவும் இன்னும் இல்லை என்பதை விழுங்கிக்கொண்டு. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார். எனக்குச் செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

"சரி, யாருகிட்டயும் சொல்லாத. அந்தக் கோட்ட மட்டும் ஒருநா கொண்டாப்பா, போட்டோ எடுத்துக்குவோம்."

நாவுல

பிறகு வெள்ளைக்காரர் சீசன் வந்தது. தொடர்ந்து நான்கு ஞாயிறு லீவு கிடையாது, போனால் திரும்ப வரவேண்டாம் என்றார் முதலாளி. கன்றுகள் தாங்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நான்காவது ஞாயிறு கழிந்து இரண்டு நாளில் பேராசிரியரின் கடிதம் வந்தது: நிதி கிடைத்துவிட்டது, கன்றுகளின் அளவுகளை உடனே அனுப்பவும்.

கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நாவுல பஸ் ஏறினேன். நிழல்வலைக்குள் ஒரு இலைகூடப் பச்சையாக இல்லை. பத்தடி தள்ளி நானாவின் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் கன்று ஒன்றைத் தொட்டதும் தண்டு முறிந்தது. நானா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, நீங்க இல்லாம ஒரு சொட்டும் குடுக்கக் கூடாதுன்னு. அதுகள் வாடுறத பாத்துக்கிட்டு கைய கட்டிக்கிட்டு நின்டேன்."

கோட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் அம்மாவுக்காக எடுத்த போட்டோவில், லயத்துச் சுவரில் வெள்ளைக் கோட்டோடு டொக்டராகத் தொங்குகிறேன். பல்கலைக்கழகத்தில் மறுபடியும் முதலாம் வருடம்.