ஐந்தாம் படிவம் முடித்த அக்கா

மலேசியாவில் சுங்காய்க்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஐந்தாம் படிவம் வரை படித்த முதல் பெண் என் அக்கா. அதற்குப் பிறகு அவள் என்ன செய்வது என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததனாலேயே எல்லாரும் யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் டைப்ரைட்டிங் படிக்கச் சொன்னார். மளிகைக் கடைச் சீனர், ஈப்போவில் துணிக்கடைக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலையிலிருந்த அப்பா, எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி விசாரித்தார், அக்காவைத் தவிர. அம்மாவுக்கு மட்டும் குழப்பமே இல்லை. பாரிட் புந்தாரில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். தைப்பூசம் கழிந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. கல்யாணம் என்றால் புதுப் பாவாடை கிடைக்கும் என்பதால் நான் அம்மா கட்சி.

ஆண்டு இறுதி விடுமுறையில் அப்பாவின் தங்கை வந்தார். அத்தை ஈப்போவில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் வேலை செய்தார். காயங்களுக்குக் கட்டுப் போடுவதும், ஊசிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பதும் அவர் பொறுப்பு. வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவைக் கேட்டுவிட்டார்.

"நீ என்னா செய்யலாம்னு இருக்க?"

"நர்சு," என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி. எங்கள் வீட்டில் யாரும் அதுவரை அறியாத செய்தி அது.

"நர்சு வேலை சூசாலா, ரொம்பக் கஷ்டம். வெள்ளை உடுப்பைப் பாத்து மட்டும் ஆசப்படக் கூடாது. எங்கூட கொஞ்ச நாளு வந்து இரு. கிளினிக்ல நில்லு. பாத்துட்டு அப்புறம் சொல்லு," என்றார் அத்தை.

அம்மா தயங்கினார். கடைசியில் துணைக்கு என்னையும் சேர்த்து அனுப்பி வைத்தார்.

போன முதல் நாளே அது நடந்தது. ஈயச் சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு சீனர், உள்ளங்கை கிழிந்து வந்திருந்தார். அத்தை அவர் கையில் சுற்றியிருந்த துணியை விலக்கியதும், தட்டை ஏந்தி நின்ற அக்கா அப்படியே சரிந்தாள். பஞ்சும் கத்தரிக்கோலும் தரையெங்கும் சிதறின. காயம்பட்டவரே பதறி எழுந்து, நல்ல கையால் அவளைப் பிடிக்கப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் சிரித்தேன்.

அத்தை அக்காவைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. சீனி தூக்கலாகப் போட்டுத் தேநீர் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டார்.

"நாளைக்கும் வாரேன் அத்தை," என்றாள் அக்கா.

மறுநாள் ஒரு குழந்தையின் கட்டியைக் கீறியபோது மறுபடி விழுந்தாள். இந்த முறை அத்தை முன்கூட்டியே அவள் பின்னால் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அதற்கடுத்த நாள் அக்கா விழவில்லை. உதடு வெளுத்து, தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, கட்டுப் போட்டு முடியும்வரை தட்டைப் பிடித்திருந்தாள். பிறகு பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"புடிக்கலன்னா ஏன்க்கா போற?" என்று பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டேன்.

"புடிக்கலன்னு யாரு சொன்னா?" என்றாள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் அப்பா அவளை அழைத்து, "என்னம்மா, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நர்சுக்கே எழுதிப் போடுறேன்பா."

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா ரத்தத்தப் பாத்து ரெண்டு தடவ மயங்கி விழுந்துச்சுப்பா," என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப அந்தப் பேச்சே வேணாம். பாரிட் புந்தாருக்குச் சொல்லி அனுப்பிடலாம்."

அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார். "விழுந்த மறுநாளும் போனியா?" என்றார்.

"போனேன்பா."

"அப்ப எழுதிப் போடு. பாரிட் புந்தாருக்கு நான் சொல்லிக்கிறேன்."

அம்மா அடுப்படிக்கே திரும்பிப் போனார். அடுத்த ஆண்டு அக்கா பயிற்சிக்குப் போனாள். ஓய்வு பெறும்வரை அந்த வேலையிலேயே இருந்தாள்.

எனக்கு மட்டும் அப்பா மேல் வெகுநாள் வருத்தம் இருந்தது. ரத்தத்தைப் பார்த்தால் விழுகிறவள் என்று அவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்லியும், நான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.