வெள்ளிக் கால்

தைலமும் கருவாடும் கலந்தால் ஒரு வாடை வரும். ஒருமுறை மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. காசிமேட்டில் நாங்கள் பந்தாடிய மைதானத்தின் ஓரம், கருவாடு காயப்போட்டிருந்த சுவருக்கு மறைவில், ஆறடிக்கும் மேலான ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து வலது முழங்காலின் கட்டை அவிழ்த்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போன பந்தைத் தேடிப் போன நான் அந்த முழங்காலைப் பார்த்துவிட்டேன். தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் அவர் விரலை உதட்டில் வைத்தார்.

அவர் பெயர் டாமிர், குரோஷியாக்காரர். பதினெட்டு வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி நாடு நாடாகப் பந்தாடிப் பிழைத்து, முப்பத்தைந்தை நெருங்கும்போது எங்கள் நகரக் கால்பந்து அணிக்குத் தடுப்பாட்டக்காரராக வந்து சேர்ந்தவர். சனிக்கிழமை காலையில் அணிக்காரர்கள் அவரை வேனில் ஏற்றி எங்கள் பகுதிப் பிள்ளைகளோடு ஆட அனுப்பிவைப்பார்கள். மைதானத்தில் கால் வைக்கும் முன் அவர் சிலுவை போட்டுக்கொள்வதைப் பார்த்து, ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் என் எஸ்தர் அத்தை முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். "இவுரு நம்ம ஆளுடீ!"

அன்று சுவர் மறைவில், எனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லிலும் மீதியைக் கையாலும் அவர் புரியவைத்தார். இன்னும் ஐந்து ஆட்டம் தாக்குப்பிடித்தால் அடுத்த வருடத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும். முழங்கால் விஷயம் வெளியே தெரிந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. ஊரில் என் வயதில் தமக்கொரு மகள் இருக்கிறாள் என்றும் சொன்னார். எனக்கு அப்போது பதினொரு வயது. மூன்று சனிக்கிழமை வாயைத் திறக்கவில்லை. நல்ல மனசால் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டத்தன்று வீரர்கள் ஆளுக்கொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்குள் நடந்து வருவார்கள்; ரகசியம் காத்த கை என் கை, அதைத்தான் பிடிப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன். நாலாவது சனிக்கிழமை, யார் கையைப் பிடித்து வருவது என்று அணிக்காரர்கள் கேட்டபோது, அவர் எங்களோடு ஆடும் மெர்சியைக் காட்டினார். வருகிற பந்தை நிறுத்தக்கூடத் தெரியாத மெர்சி! எனக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அன்றே அத்தையிடம் சொன்னேன். "இன்னாடி சொல்ற? அந்த மன்சன் வலிய முழுங்கிகினா ஆடிகினு கீறாரு?" என்று மார்பில் கை வைத்தவள், அடுத்த மூச்சில் நவநாள் விண்ணப்பத்துக்குத் தாள் தேடினாள். புதன்கிழமை சகாய மாதா நவநாள் செபத்தில், பெட்டியில் விழும் வேண்டுதல் சீட்டுகளை உபதேசியார் மைக்கில் ஒவ்வொன்றாக வாசிப்பார். கோயில் கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கி அதை ஐஸ் கம்பெனி வரைக்கும் கொண்டுபோகும். பெயர், நோவு, எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் துல்லியமாக எழுத வேண்டும் என்பது எங்கள் தெருவின் சட்டம். "மொட்டையா எய்தினா வரம் வேற எவனுக்காச்சும் பூடும். எனக்கு எய்த வராது, நீ எய்து," என்றாள் அத்தை. குண்டு குண்டான கையெழுத்தில் எழுதினேன். 'வலது முழங்கால் வலியை அணிக்குத் தெரியாமல் மறைத்து ஆடும் டாமிர் அவர்கள் பூரண சுகம் பெற மன்றாடுகிறோம்.' 'அணிக்குத் தெரியாமல் மறைத்து' என்பது அத்தை சொன்னதல்ல, நானாகச் சேர்த்தது. சேர்க்கும்போது என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உபதேசியார் ஓர் எழுத்து விடாமல் வாசித்தார். எவனோ அதைக் கைப்பேசியில் பிடித்தான். ரசிகர்களின் குழுக்களில் அது சிரிப்புக்காகச் சுற்றியது. எதிரணியில் யாரோ அதைக் கேட்டுச் சிரிக்காமல் யோசித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தெருவே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்க, எதிரணிக்காரன் ஒருவன் அவருடைய வலது பக்கமாகவே திரும்பத் திரும்ப வந்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ முறை மோதியதில் டாமிர் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது அத்தை கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே, "நல்லவேள, நம்ம முன்னாடியே வேண்டிகினோம்," என்றாள். மறுநாளே தட்டானிடம் போய் வெள்ளியில் ஒரு கால் செய்து மாதாவுக்குக் காணிக்கை வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து விடைபெற வந்தார், இரண்டு அக்குளிலும் ஊன்றுகட்டை. வேன் கதவு திறந்ததும் பிள்ளைகள் அவர் பின்னால் வரிசையாக நொண்டி நடந்தார்கள்; "நொண்டி டாமிரு, நொண்டி டாமிரு" என்று ஒரு ராகம் வேறு. நானும் நொண்டினேன். எல்லாரையும்விட நன்றாக நொண்டினேன். அவர் என்னை மட்டும் கூப்பிட்டு, பையிலிருந்து தம் நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். "குட் கேர்ள். நோ டெல்," என்று சொல்லி விரலை உதட்டில் வைத்தார். மைக்கில் போனது தமிழ். அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை.

இப்போது அந்த மைதானத்தில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. கருவாட்டுச் சுவர் இல்லை. நீலச் சட்டையை என்னால் ஒருநாளும் உடுத்த முடியவில்லை; அது பூச்சி அரித்துப்போனது. கைப்பேசியில் அவர் பெயரைத் தட்டினால் ஆடிய அணிகள் வரிசையாக வரும். எங்கள் ஊர்தான் கடைசி, அதற்குக் கீழே வெள்ளையாக இருக்கும். மகளோடு கடற்கரையில் நடக்கிற ஒரு படமும் கிடைத்தது. அதை அத்தையிடம் காட்டியதுதான் நான் செய்த அடுத்த தப்பு. "நடக்குறாரு பாத்தியா! கால் சொகமாவணும்னுதான கேட்டோம், ஆட்டத்தயா கேட்டோம்? மாதா குடுத்துட்டாங்க," என்று பூரித்துப்போனாள்.

போன புதன்கிழமை, கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்துக் கிடந்த அந்த வெள்ளிக் காலைத் துடைத்து வைத்துவிட்டு, ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். "அன்னிக்கு நீதான எய்தின? மாதாவுக்கு நன்றிக் கடுதாசியும் நீயே எய்திடு." எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து இன்னும் அப்படியே குண்டு குண்டாகத்தான் இருக்கிறது.