எருமைக்கொம்புப் பிடி

கல்கத்தா அலுவலகத்தில் எங்கள் கொள்முதல் குழுவுக்கு ஒரு தலைவர் இருந்தார். நெற்றி நிறைய விபூதி. மாதிரிக் கத்தி எது வந்தாலும் முதலில் அதன் நுனியால் நகத்தழுக்கை எடுப்பார்.

கம்பத்தில் ஏறிக் கம்பி பழுதுபார்க்கும் லைன்மேன்களுக்கு மடக்குக் கத்தி வாங்க வேண்டியிருந்தது. கார்பன் எஃகு கூர்மை தாங்கும், எருமைக்கொம்புப் பிடி மழையில் வழுக்காது என்று குறிப்பு எழுதினேன்.

“கொம்பை நான் தொடமாட்டேன் ஓய். ஸ்டெயின்லெஸ், பிளாஸ்டிக் பிடி, பளபளன்னு இருக்கு,” என்றார்.

அதையே வாங்கினோம். முதல் மழையிலேயே அந்தப் பிடி வழுக்கி, ஒரு லைன்மேனின் கட்டைவிரல் நரம்பு அறுந்தது. அதைச் சொல்ல பவானிபூரில் அவர் வீட்டுக்குப் போனேன். கொம்புப் பிடிக் கத்தியால் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தார்.

“நிராகரிச்ச சாம்பிளைத் திருப்பி அனுப்பணுமே சார்?”

“நன்னா வெட்டறது ஓய், எப்படி அனுப்பறது?” என்று கத்தி நுனியில் ஒரு துண்டைக் குத்தி நீட்டினார்.

கத்தியைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அது. இன்றும் எனக்குக் கொய்யா இறங்குவதில்லை.