பூனை கழுத்தில் ஆட்டு மணி

அந்தப் பூனையை நான் வளர்க்கவில்லை. அதுவாக வந்து என் வீட்டில் தங்கிக்கொண்டது. ஆனால் அது எங்கே எதைத் தின்றாலும் கேட்க ஆள் என் வாசலுக்குத்தான் வரும். அரியலூர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று, பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு பஞ்சாயத்து காத்திருக்கும். அலுத்துப்போயிற்று எனக்கு.

இந்தத் தடவை வந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. கையில் ஒரு கோழிக்குஞ்சின் இறக்கை.

"ஒண்ணு போயிடுச்சு, பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி முடித்திருப்பேன்.

அவர் மகள் ஐந்தாம் மாதத்திலேயே தாய்வீட்டுக்கு வந்து படுத்தபடியே இருந்தாள். முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. இதற்காவது அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வந்த வாரமே அக்கா கோழியை அடை வைத்துவிட்டார். பிள்ளை பெற்றவளுக்கு வீட்டில் வளர்ந்த கோழியை அடித்துத்தான் குழம்பு வைக்க வேண்டும், கடைக்கோழி ஆகாது என்பது அவர் பிடிவாதம். குஞ்சுகள் நன்றாக வளர்ந்தால் பிள்ளையும் நல்லபடியாகப் பிறக்கும் என்று அவர் மனதில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. வெளியே சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்தேன்.

வயிறு நிறைந்தால் போகாது என்று பூனைக்குக் காலையிலேயே கருவாட்டுச் சோறு வைத்தேன். தின்றுவிட்டு, வாயை நக்கிக்கொண்டு நேரே வேலி தாண்டியது. உள்ளே வைத்துப் பூட்டினால் ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போனது, சனியன்.

"வெளிநாட்டுல பூனைக்கு மணி கட்டிடுறாங்கக்கா. சத்தம் கேட்டதும் பறவைங்க ஓடிடும்" என்று கடையில் கூட வேலை செய்யும் பெண் போனில் காட்டினாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தேடியதில் ஆட்டுக்குக் கட்டுகிற மணிதான் கிடைத்தது. கையெல்லாம் பிறாண்டல் வாங்கிக்கொண்டு கட்டிவிட்டேன்.

லீவு நாளன்று வேலியோரம் நின்று பார்த்தேன். மணி கிணுகிணுத்தது. குஞ்சுகள் ஓடின, பூனை இருந்த பக்கமாகவே.

அக்காவிடம் ஓர் ஆடு உண்டு. அதன் கழுத்திலும் இதே மணி. மேய்ந்து வரும் ஆட்டுக்குக் கழுநீர் வைக்கிறபோதெல்லாம் குஞ்சுகளுக்கும் குருணை இறைப்பார். மணி கேட்டால் தீனி என்று பழகியவை அவை. நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் ஒன்று பூனையின் வாயோடு போய்விட்டது, இன்னொன்று செத்துக் கிடந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். ஏலாக்குறிச்சிக் கோயிலில் விட்டால் வருகிற போகிற யாராவது சோறு போடுவார்கள் என்று நினைப்பு. வாசலில் அக்கா மறித்தார்.

"சாக்குல என்ன?"

"பூனைதான். எங்கயாவது வுட்டுட்டு வரேன்க்கா. என்னால முடியல."

சாக்கைத் தடவிப் பார்த்தார். "அது செனையா இருக்கு, உனக்குக் கண்ணு தெரியலையா? என் வூட்டுல ஒருத்தி வயித்துப் புள்ளையோட படுத்துக் கெடக்கா. இந்த நேரத்துல வாயில்லா ஜீவனத் தொரத்தலாமா? அவுத்து வுடு."

அவிழ்த்தேன். பூனை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்குள் ஓடி மகளின் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. அக்கா பின்னாலேயே போய்க் குனிந்து பார்த்தார்.

"இங்கயே கெடந்து குட்டி போடட்டும். கோழிய நீ கொண்டு போ" என்றார்.

இப்போது கோழியும் மிச்சக் குஞ்சுகளும் என் வீட்டில். வேலைக்குப் போகுமுன் கூடையில் கவிழ்த்து, மேலே கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போகிறேன். கடையில் சேலையை விரித்துப் போடும்போதும் நினைப்பெல்லாம் அந்தக் கல்லின் மேல்தான். அங்கே பூனை குட்டிகளைப் போட்டுவிட்டுப் பால்சோறு தின்று கொழுக்கிறது.

மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். தினமும் சாயங்காலம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறார்.

"எல்லாம் இருக்கா?"

"இருக்குக்கா."

அதைக் கேட்டபிறகுதான் போய் அடுப்பு பற்றவைக்கிறார். சாமி, அந்தக் கோழியை அடிக்கிற நாள் நல்லபடியாக வந்து சேர வேண்டும். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நான் படுத்துத் தூங்க வேண்டும்.