கோயில் எரிந்த பிறகு முடிந்த கதவு

தச்சருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, ஊர் வைத்த பெயர் நாளைக்காரர். கட்டில் கேட்டாலும் நாளைக்கு, கட்டிலுக்கு ஒரு கால் கேட்டாலும் நாளைக்கு. தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். வேலை பொன்னாகத்தான் இருக்கும். ஆனால் கைக்கு வந்து சேர்வதற்குள் கேட்டவருக்கு நரைத்துவிடும்.

ஊர்க் கிறிஸ்தவர்களின் பங்குக் கோயிலில் தலைவாசல் கதவைக் கரையான் அரித்தபோது, விதி யாரை விட்டது, சாமியார் அதை அவரிடமே பழுதுபார்க்கக் கொடுத்தார். ஊரின் எல்லாக் கல்யாணமும் எல்லாச் சாவும் நுழைந்த கதவு, பட்டறைச் சுவரில் சாய்ந்து மாதக்கணக்கில் ஓய்வெடுத்தது. கோயில் வாசலில் ஒரு சாக்குப் படுதா தொங்கியது.

“என்னப்பா, கதவு?”

“நாளைக்குத் தந்துடறேன் சாமி.”

“எந்த நாளைக்கு? நேத்து சொன்னதா, போன மாசம் சொன்னதா?”

ஒரு நாள் மத்தியானம் பேய்க்காற்று அடித்தது. படுதா பறந்து, வாசலருகே எரிந்த மெழுகுவர்த்தியின் மேல் விழுந்தது. தீ மரக்கூரைக்குத் தாவியது. ஆளுக்கொரு வாளியோடு ஓடிவந்தும் பலனில்லை. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. கோயிலில் மிஞ்சியது பட்டறையில் இருந்த கதவு மட்டும்தான்.

அவருடைய சோம்பலால்தான் கதவாவது பிழைத்தது என்றது ஊரில் ஒரு பாதி. கதவு இருந்திருந்தால் காற்றே நுழைந்திருக்காதே என்றது மறுபாதி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் அவரைக் குடைந்தது மூடியே இருந்த ஒரு வாய்தான். சாமியார் எதுவுமே சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது சோறு இறங்கியிருக்கும்.

மறுநாளே உளியை எடுத்தார். ஒரே மூச்சில் வேலையை முடித்தார்.

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்,” என்றாள் மனைவி.

“சாமி, கதவு ரெடி.”

“மாட்ட கோயில் இல்லையேப்பா. புதுசா கட்ட மேலிடத்துல கேட்டிருக்கு. நாளைக்குப் பார்ப்போம்.”

அந்தச் சொல் எப்படிச் சுடும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மேலிடம் கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. இருக்கிற நாலு குடும்பத்துக்குப் பக்கத்துப் பங்கே போதும் என்று கடைசியில் கைகழுவியது. சாமியாரையும் மாற்றிவிட்டார்கள். கோயில் இருந்த இடத்தில் புல் முளைத்தது, பந்து உருண்டது, துணி காய்ந்தது.

நாளைக்காரருக்குப் பொறுக்கவில்லை. பழைய வாசல் இருந்த அதே இடத்தில் நிலையை நட்டுக் கதவை மாட்டிவிட்டார். சாயங்காலமானால் போய்ப் பூட்டிவிட்டு வருவார்.

“ஏங்க, சுத்தி நாலு பக்கமும் திறந்து கிடக்கு. யாரு வராம இருக்கப் பூட்டறீங்க?” என்றாள் மனைவி.

“காத்து வராம இருக்க,” என்றார்.

சில வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தின் முடிவில், பழைய சாமியார் கைத்தடியோடு வந்து நின்றார். நாளைக்காரர் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். சாமியார் தள்ளினார். ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து, கதவு நின்றுவிட்டது.

“கீழே உரசுதேப்பா.”

“மழையில மரம் ஊறியிருக்கு சாமி.”

“பரவாயில்ல விடு. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

“வேண்டாம் சாமி! இப்பவே!”

கதவின் அடியைச் சீவ இழைப்புளி எடுக்கப் பட்டறைக்கு ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, ஓர் ஆடு கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் மேய்ந்துகொண்டிருந்தது. சாமியார் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வாசலுக்கு வெளியிலேயே காத்துக்கொண்டு நின்றார்.